ரேடியோ காலர் மாட்டியும் யானை ஊருக்குள் வருவது எப்படி?

2023 மே மாதம் மதுரைக்கு மேற்கே கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை நுழைந்தபோது, அதன் கழுத்தில் காலர் இருந்தது. பிறகு எப்படி ஊருக்குள் விட்டார்கள் என்கிறீர்கள். காலர் கடிவாளம் இல்லை. போன இடத்தைச் சொல்லும், அவ்வளவுதான்.

அதையும் தொடர்ந்து சொல்லாது. ஜிபிஎஸ் குறித்த இடைவெளியில்தான் இடத்தைப் பதிந்து, செயற்கைக்கோள் அல்லது செல்போன் டவர் வழியாக அனுப்பும். மணிக்கு ஒருமுறை என்றால் பேட்டரி நெடுநாள் தாங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் சீக்கிரம் தீரும். காலரை மாற்ற மறுபடி மயக்க ஊசி போடவேண்டும். ஒரு மணி நேரத்திலோ யானை மலைச்சரிவிலிருந்து தோட்டத்துக்கே இறங்கிவிடும். பள்ளத்தாக்கில், அடர்காட்டில் சிக்னலும் விட்டுப்போகும். பட்டையின் அடியில் எடை வைப்பதே கருவி பிடரிமேல் வானம் பார்த்து நிற்கத்தான்.

அதனால் தடம் பார்க்கும் ஆட்களும் வேண்டும். முன்னங்கால் தடம் வட்டம், பின்னங்கால் நீள்வட்டம். முன்தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வரும்: 130 செ.மீ. என்றால் 2.6 மீட்டர். சேற்றுத் தடம் வழுக்கி விரிந்திருக்கும், கணக்கு தப்பும். பின்கால் மேலே மிதித்த தடமும் ஆகாது. லத்தி, அதாவது யானைச் சாணம், சூடாக இருந்தால் நூலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். ஆள் பக்கத்தில்தான் நிற்கிறார்.