பந்து கையில, கண்ணு எல்லாரு மேலயும்

போன இதழ்ல கூடைப்பந்து பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு எழுதிருந்தேன், வந்த கேள்வில முக்காவாசி பாயிண்ட் கார்டு, அதான் பந்தக் கொண்டுபோயி ஆட்டத்த நடத்துத ஆளு, அவரப் பத்தித்தான். எனக்கு ரொம்ப சந்தோசம், ஏன்னா நான் ஆடுனது அந்த இடந்தான், இப்ப பாளையங்கோட்டைல சாயங்காலம் பிள்ளையளுக்கு சொல்லிக்குடுக்கும்போது அதிக நேரம் செலவழிக்கதும் அதுக்குத்தான்.

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் ஒம்பதாம் வகுப்பு படிக்கான். ஸ்கூல் டீம்ல அவன பாயிண்ட் கார்டா போட்டுருக்காங்க. மேட்ச் பாக்கப் போனேன். இவன் பந்த தட்டிக்கிட்டே கொண்டுபோயி இன்னொரு பயல்ட்ட குடுக்கான், அந்தப் பய கூடைல போடுதான், கைதட்டெல்லாம் அவனுக்குத்தான். வீட்டுக்கு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்துருக்கான். இந்த இடத்துல அப்படி என்னதான் இருக்கு?
– ஒரு அப்பா, வண்ணார்பேட்டை

பதில்: நம்ம ஊரு கல்யாணத்துல பந்தி விசாரிக்கிறவர பாத்துருப்பியள்லா அண்ணாச்சி? மறுவீட்டு சொதி சாப்பாடுன்னு வச்சுக்கோங்க. அவரு கையில வாளி இருக்காது, கரண்டி இருக்காது, வரிசைக்கு நடுவுல பைய நடந்து போவாரு, ஆனா மூணாவது எலைல சொதி தீரப்போவுதுன்னு சாப்பிடுதவருக்கே தோணுறதுக்கு முன்னால "ஏல, அங்கன சொதி கொண்டா"ன்னு கொரல் வந்துரும். அவரு இல்லாத பந்திலயும் சோறு இருக்கும், சொதி இருக்கும், பரிமாற ஆளும் இருக்கும், ஆனா ஒரு எலைல குமிஞ்சு கெடக்கும் இன்னொரு எல காஞ்சு கெடக்கும். உங்க மகன் பாக்குத வேல அந்த விசாரிக்கிறவரு வேல.

கோர்ட்டு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், அதுக்குள்ள பத்து பேரு ஓடுதாங்க. பந்து கைக்கு வந்ததுலருந்து 8 செகண்டுக்குள்ள நடுக்கோட்டத் தாண்டணும், 24 செகண்டுக்குள்ள ஷாட் அடிச்சாவணும். அந்த நேரத்துக்குள்ள நம்ம உசரமான பய கூடைக்குக் கீழ இடம் பிடிச்சாச்சா, அவன காக்குதவன் அவனுக்கு முன்னால நிக்கானா பின்னால நிக்கானா, கார்னர்ல நிக்குத பயலுக்கு இன்னைக்கு கை நல்லா வருதா, எதிர் டீம்ல யாரு மூச்சு வாங்குதான், யாருக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல் ஆயிருக்கு (இன்னொண்ணு ஆனா வெளியதான்), இவ்வளவையும் பாத்து முடிவெடுக்கணும், அதுவும் ஒருத்தன் கையில இருக்க பந்தப் பறிக்க நெஞ்சோட ஒட்டிக்கிட்டு வரும்போது. நீங்க பாத்தது பந்தக் கொண்டுபோயி குடுத்தத மட்டுந்தான். யாருக்கு, எப்ப, எந்தக் கைக்குன்னு அவன் மண்டைக்குள்ள ஓடுனது ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது.

ஒரு கணக்கு சொல்லுதேன், உங்க மகன்ட்ட அப்படியே சொல்லுங்க. அமெரிக்காவோட பெரிய கூடைப்பந்து லீக் என்.பி.ஏ.ல பீனிக்ஸ் சன்ஸ்னு ஒரு டீம். 2003-04 சீசன்ல 82 மேட்ச்ல அவங்க ஜெயிச்சது வெறும் 29. அடுத்த சீசனுக்கு ஸ்டீவ் நாஷ்னு ஒரு பாயிண்ட் கார்டு வந்தாரு, அந்த வருசம் 62 ஜெயிச்சாங்க! கோச் மைக் டி ஆன்டோனி வேகமா ஆட விட்டதும் அதுக்கு ஒரு காரணம், இல்லங்கல, ஆனா அந்த வேகத்த நடத்திக் காட்ட ஆளு வேணும்லா. அந்த சீசன்ல நாஷ் ஒரு மேட்ச்சுக்கு அடிச்ச சராசரி 15.5 பாயிண்டுதான், அவர விட அதிகமா அடிச்சவங்க அந்த டீம்லயே இருந்தாங்க. ஆனா அந்த வருசத்து எம்.வி.பி. விருது, லீக்லயே பெரிய விருது, நாஷுக்குத்தான் போச்சு, அடுத்த வருசமும் அவருக்கே குடுத்தாங்க. ஏன்னா அவரு ஒரு மேட்ச்சுக்கு 11.5 அசிஸ்ட் குடுத்தாரு, அவரு பாஸ வாங்கி நேரா கூடைல போட்டதெல்லாம் அந்தக் கணக்கு. அதே பயலுவதான், அவரு பக்கத்துல ஆடும்போது வேற ஆளா ஆடுனாங்க.

அடுத்த மேட்ச்சுக்குப் போனா ஒண்ணு செய்யுங்க அண்ணாச்சி, உங்க மகன் பெஞ்ச்ல உக்காருத நேரத்துல டீம் எப்படி ஆடுதுன்னு பாருங்க. பந்து ஒரே பக்கத்துல தேங்குதா, ரெண்டு பேரு ஒரே எடத்துல போயி நிக்கானுவளா, ஷாட்டெல்லாம் அவசரமா போவுதான்னு பாத்துட்டு வந்து அவன்ட்ட சொல்லுங்க. அவன் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்னு அவனுக்கே அப்பத்தான் புரியும்.

கேள்வி: நான் 5 அடி 4 அங்குலம். பாயிண்ட் கார்டா பெரிய லெவல்ல ஆட முடியுமா?
– பிளஸ் டூ மாணவர், களக்காடு

பதில்: மக்சி போக்ஸ் 5 அடி 3 அங்குலம், உங்கள விட ஒரு அங்குலம் கம்மி. என்.பி.ஏ.ல 14 சீசன் ஆடிருக்காரு, அந்த லீக் வரலாற்றுலயே அவர விடக் குட்டையான ஆளு கெடையாது. பந்து அவரு தட்டும்போது தரைலருந்து ரொம்ப எழும்பாது, குனிஞ்சு பறிக்க வந்தவன் பாதிபேரு ஃபவுல் வாங்கிட்டுப் போவணும். உசரம் இருந்தா லேசு, அத நான் மறைக்கல. இல்லன்னா கால் வேகமும் ரெண்டு கைப் பழக்கமும் மத்தவன விட ரெண்டு மடங்கு வேணும், இன்னைக்கே ஆரம்பிங்க.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு. தனியா பந்தத் தட்டும்போது நல்லா வருது. மேட்ச்ல யாராவது கிட்ட வந்து நெருக்குனா பந்தையே பாத்துட்டு நிக்கேன், பாஸ் குடுக்க யாரு இருக்கான்னே தெரியமாட்டேங்கு. என்ன செய்யணும் அண்ணே?
– ஒரு தங்கச்சி, சங்கரன்கோவில்

பதில்: தங்கச்சி, இது எல்லாருக்கும் வருததுதான், பயப்படாத. கை பந்த நம்பலன்னா கண்ணு போயி அதப் பாக்கத்தான் செய்யும். அதனால மொதல்ல கைய நம்ப வைக்கணும்.

உள்ளங்கை பந்துல படக்கூடாது, விரல் நுனிதான் வேல செய்யணும். முட்டிக்கு மேல எழும்ப விடாத. ஒரு சேக்காளிய எதுத்தாப்புல நிக்க வச்சு விரலக் காட்டச் சொல்லு, மூணு, ஒண்ணு, நாலுன்னு மாத்தி மாத்திக் காட்டணும், நீ தட்டிக்கிட்டே சத்தமா சொல்லணும். சொல்லணும்னா பாக்கணும்லா, அப்ப கண்ணு தானா மேல வந்துரும். அடுத்தது ஒரு கையில பந்து, இன்னொரு கையில டென்னிஸ் பந்து, டென்னிஸ் பந்தத் தூக்கிப்போட்டுப் பிடிச்சுக்கிட்டே மத்தத தட்டணும், மொத வாரம் ரெண்டும் உருண்டு ஓடும், அழுவாம பொறுக்கிட்டு வா. நாஷ் காலேஜ்ல படிக்கும்போது டென்னிஸ் பந்தத் தட்டிக்கிட்டே நடப்பாராம், அதுல கை பழகிட்டா பெரிய பந்து பிசினு மாதிரி ஒட்டும். எந்தக் கை வராதோ அந்தக் கைக்கு ரெண்டு பங்கு நேரம் குடு, சோத்துக்கை மட்டும் தெரிஞ்ச கார்ட எந்த டீமும் மொத அஞ்சு நிமிசத்துலயே பூட்டிப்போட்டுரும்.

நெருக்குனா செய்யவேண்டியது இன்னொண்ணு இருக்கு, இத நெறைய பேரு சொல்லித்தர மாட்டாங்க. பின்னால வா. பந்துக்கும் உன்ன நெருக்குதவளுக்கும் நடுவுல உன் தோளயும் காலயும் வச்சுக்கிட்டு ரெண்டு எட்டு பின்னால எடுத்து வை, எடம் கெடச்சிரும், எடம் கெடச்சா பாக்க நேரம் கெடச்சிரும். மூலைக்கும் சைடு லைனுக்கும் மட்டும் போயிராத, அந்தக் கோடு எதிர் டீமுக்கு ஒரு ஆளு கூடுதல் மாதிரி, ரெண்டு பேரு வந்து நின்னா முடிஞ்சுச்சு.

சூ பேர்டு ஆடுன பழைய மேட்ச் வீடியோ கெடச்சா பாரு. அமெரிக்காவுல பொம்பளையளுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. லீக்ல சியாட்டில் டீமுக்கு மட்டுமே ஆடுனவங்க, 3,234 அசிஸ்ட், ஒலிம்பிக்ல அஞ்சு தங்கம். அவங்க தலை ஒரு நேரமும் கீழ குனியாது, அத மட்டும் கவனி. நம்ம ஊருல இதெல்லாம் ஆவுமான்னு யாராவது கேட்டா, இந்திய டீமுக்கு கேப்டனா ஆடுன அனிதா பால்துரை சென்னைக்காரங்க, 2021ல பத்மஸ்ரீ வாங்கிருக்காங்கன்னு சொல்லு.

கேள்வி: நல்ல பாயிண்ட் கார்டுன்னா மின்னல் மாதிரி ஓடணும்தானே?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: ஓடத் தெரியணும், நிறுத்தத் தெரியறது அத விட முக்கியம். ஆனித் திருவிழால நெல்லையப்பர் தேரு வரும்போது வடம் பிடிக்கிறவங்களத்தான் எல்லாரும் பாப்போம், ஆனா தேரு வீதி மொனைல ஒழுங்காத் திரும்புறது சக்கரத்துக்குக் கிட்ட சறுக்குக்கட்ட போடுதவங்க கையிலதான் இருக்கு, எப்ப வைக்கணும் எப்ப எடுக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். நல்ல கார்டு வேகமா வந்து சட்டுன்னு தளருவான், காக்குதவன் 'சரி, நிக்கப்போறான்'னு குதிகால் ஊனுவான், அந்த நேரம் பாத்து மறுபடி பாய்வான். எப்பவுமே ஒரே வேகத்துல வருதவன எத்தன வேகமா இருந்தாலும் கணிச்சுரலாம். நம்ம டீம் நாலு பாயிண்டு முன்னால இருக்கு ஒரு நிமிசம் மிச்சம் இருக்குன்னா ஓடுறதே தப்பு.

கேள்வி: மேஜிக் ஜான்சன், ஜான் ஸ்டாக்டன், ஸ்டீபன் கரி, இவங்கள்ல யாரு பெரிய பாயிண்ட் கார்டு? ஹாஸ்டல்ல சண்டையே வந்துட்டு.
– கல்லூரி மாணவர், தென்காசி

பதில்: மேஜிக். 206 செ.மீ. உசரத்துல ஒரு பாயிண்ட் கார்டு, எதிராளி தலைக்கு மேலயே மொத்த கோர்ட்டும் அவருக்குத் தெரியும். 1980 ஃபைனல்ஸ் ஆறாவது மேட்ச்ல கூடைக்குக் கிட்ட ஆடுத சென்டர் கரீம் அப்துல் ஜப்பாருக்கு அடிபட்டு வரமுடியல, அந்த எடத்துல 20 வயசு மேஜிக் எறங்கி 42 பாயிண்டு, 15 ரீபவுண்டு (கூடைல விழாம திரும்புன பந்தப் பிடிக்கது), 7 அசிஸ்ட், கப்பும் வந்துட்டு. அது அவருக்கு லீக்ல மொத வருசம்! கரி பந்து கையில இல்லாமலே கார்டு வேல பாப்பாரு, 2015-16ல ஒரே சீசன்ல 402 மூணு பாயிண்டு ஷாட் போட்டவரு சும்மா கார்னர்ப் பக்கம் நடந்தாலே ரெண்டு பேரு பின்னால ஓடுவாங்க, அப்ப மத்தவனுக்கு வழி தொறந்துரும்.

ஆனா யார்ட்டருந்து கத்துக்கணும்னு கேட்டா ஸ்டாக்டன்தான்னு சொல்லுவேன், அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கெடையாது. 19 சீசன், ஒரே டீம் யூட்டா ஜாஸ், 15,806 அசிஸ்ட், 3,265 ஸ்டீல் (எதிராளிட்டருந்து பந்தப் பறிக்கது), ரெண்டுலயும் என்.பி.ஏ.ல அவருதான் மொத எடம். 6 அடி 1 அங்குலம், பெருசா தாவமாட்டாரு, முதுகுக்குப் பின்னால பாஸ், வித்தையெல்லாம் அதிகம் கெடையாது. அவரும் கார்ல் மலோனும் 18 சீசன் சேந்து ஒரே ஒரு ஆட்டத்தத்தான் திரும்பத் திரும்ப ஆடுனாங்க, பிக் அண்ட் ரோல். மலோன் வந்து ஸ்டாக்டன காக்குதவன் வழில மரம் மாதிரி நிப்பாரு, அதுக்குப் பேரு ஸ்க்ரீன், ஸ்டாக்டன் அவரு தோள ஒரசிக்கிட்டுப் போவாரு. இப்ப மலோன காக்குதவனுக்கு ரெண்டு மனசு. அவன் பந்தத் தடுக்க வந்தா மலோன் திரும்பி கூடைக்கு ஓடுவாரு, பாஸ் அங்க. வரலன்னா ஸ்டாக்டனே கூடைக்குக் கிட்ட போயி லே அப் போட்டுருவாரு. மூணாவது ஒருத்தன் ஒதவிக்கு ஓடிவந்தா அவன் விட்டுட்டு வந்த ஆளு காலியா நிப்பான், பாஸ் அவனுக்கு. இதுதான் வரப்போவுதுன்னு எதிர் டீமு, கோச்சு, டிக்கெட் வாங்கி வந்தவன் எல்லாருக்கும் தெரியும், ஆனா எந்த வழின்னு மலோன காக்குதவன் கால அசைக்குத அந்த ஒரு நொடி வரைக்கும் ஸ்டாக்டனுக்கே முடிவாயிருக்காது, அவன் கால் எங்க போவுதோ அதப் பாத்துத்தான் இவரு முடிவு. 1997, 1998 ரெண்டு ஃபைனல்ஸ்லயும் சிகாகோட்ட தோத்ததால கப்பு இல்ல, அந்த வருத்தம் எனக்கு இன்னமும் உண்டு.

கேள்வி: எங்க ஸ்கூல் டீம்ல பாயிண்ட் கார்டு நல்லா ஆடுதான், கண்ணும் நல்ல கண்ணு. ஆனா மத்த நாலு பயலுவளும் அவன் சொல்ல கேக்க மாட்டேங்கானுவ. இத எப்படி சரி பண்ண?
– உடற்கல்வி ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: சார், மொதல்ல அவன் என்ன சொல்லுதான்னு ரெண்டு மேட்ச் பக்கத்துல நின்னு கேளுங்க. 'கார்னர் போ', 'எடதுல ஸ்க்ரீன்', 'பைய, பைய'ன்னு சின்ன சின்ன வார்த்தையா முன்கூட்டி சொல்லுதானா, இல்ல தப்பு நடந்தப்பறம் 'ஏம்ல விட்ட'ன்னு கத்துதானா?

நான் ரெண்டாவது ரகமா இருந்தேன். 17 வயசு, பக்கத்து ஊருல ஒரு டோர்னமென்ட், சிமெண்ட் கோர்ட்டு, செம வெயிலு. எங்க டீம்ல சின்னப் பய ஒருத்தன், நான் குடுத்த ரெண்டு பாஸ விட்டுட்டான். எல்லாரு முன்னாலயும் அவன திட்டுனேன். அதுக்கப்பறம் அவன் நல்ல எடத்துக்கே போவல, பந்து வந்துரக்கூடாதுன்னு எதிராளிக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டான், நான் நாலு பேர வச்சு ஆடுன மாதிரி ஆச்சு. கடேசி பந்து, கூடைக்குப் பக்கத்துல அவன் ஒருத்தன்தான் தனியா நின்னான், நான் அவன நம்பாம நானே அடிச்சேன், ரிம்ல பட்டு வெளிய போச்சு. ரெண்டு பாயிண்டுல தோத்தோம். என்னோட ரெண்டு பாஸும் வேகம் கூடுதல்னு ராத்திரி பஸ்ல வரும்போதுதான் உறைச்சது. எங்க கோச் ஒண்ணும் திட்டல, அடுத்த மேட்ச்ல மொத பாஸ் அந்தப் பயலுக்குத்தான் போவணும், அவன் பிடிக்கிற மாதிரி நெஞ்சு உசரத்துக்கு, பவுன்ஸ் இல்லாமன்னு மட்டும் சொன்னாரு. குடுத்தேன், போட்டுட்டான், அன்னைக்கு முழுக்க அந்தப் பய ஓடுன ஓட்டம் இருக்கே.

அதனால உங்க பயலுக்கு ஒரே ஒரு வேல குடுங்க சார். ஒவ்வொரு டைம் அவுட்லயும் நீங்க பேசுறதுக்கு முன்னால அவன்ட்ட கேளுங்க, "கடேசி அஞ்சு தடவ நாம பந்தக் கொண்டு போனதுல யாரு கையில பந்து படவே இல்ல?" மொதல்ல முழிப்பான். நாலாவது மேட்ச்ல கேக்குறதுக்கு முன்னாலயே அந்தப் பய பேரச் சொல்லுவான்.