கேட்டுக்கு வெளியே ஒரு பறைக்குழு

அன்புள்ள அக்கா,

நான் குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான லைனில் இருக்கிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து பறைக்குழு நடத்துகிறோம். எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் இதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். எஸ்டேட் ஆண்டு விழாவுக்கு நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. விருந்தினர் வரும்போது பங்களா கேட்டில் நின்று அடிக்க வேண்டும், அவர்கள் உள்ளே போனதும் நிறுத்திவிட வேண்டும். பாட்டு வேண்டாம். புல்வெளிப் பக்கம் நெருப்பு மூட்டக் கூடாது. தொகை நல்ல தொகைதான். போன வருடம் லைன் வீடுகளின் ஒழுகும் கூரையை மாற்றச் சொல்லி எங்கள் அம்மாக்கள் உட்கார்ந்தது இதே கேட்டுக்கு முன்னால்தான். கூரை இன்னும் ஒழுகுகிறது.

குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. "கலைஞனுக்கு யார் கூப்பிட்டால் என்ன? மறுத்துக்கொண்டே இருந்தால் கலை அழிந்துவிடும்" என்கிறார்கள் சிலர். சென்னை சங்கீத சீசனே வேண்டாமென்ற கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா கடைசியில் அந்த சீசனை நடத்துகிற மியூசிக் அகாடமியில் பாடவில்லையா என்றும் கேட்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

இந்த நிபந்தனைகளோடு போக வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசுவோம்.

கூப்பிடுகிறவர்களை நமக்குப் பிடிக்காது என்பது மட்டுமே காரணமென்றால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நம்மோடு முழுக்க ஒத்துப்போகிற இடத்தில் மட்டும்தான் வாசிப்பது என்று வைத்துக்கொண்டால் பறை லைனைத் தாண்டிப் போகாது. கோயில் கமிட்டி, கல்லூரி, அரசு விழா, டிவி என்று எதை எடுத்தாலும் நமக்கு ஒவ்வாத ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும். நம்மை ஏற்காதவர்கள் காதில்தான் நம் பாட்டு முதலில் விழ வேண்டும் என்றுகூடச் சொல்வேன். என்னை உறுத்துவது அந்த நெருப்பு விஷயம்.

நம்ம ஊர் மாலைப் பனியில் பறை எடுத்தவர்களுக்குத் தெரியும். பனி இறங்கியதும் தோல் தொய்ந்துவிடும். நாலு அடி அடித்தால் சத்தம் உள்ளேயே அமுங்கிப்போகும். சருகையும் காகிதத்தையும் கொளுத்தி, தோலை அதற்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, குரல் திரும்பியதும்தான் தோளில் மாட்ட முடியும். கொஞ்ச நேரம் போனால் மறுபடி காய்ச்ச வேண்டும். நெருப்பு கூடாது என்பவர்களுக்குப் பறை எப்படிக் கேட்கிறது என்பதில் அக்கறை இல்லை. பாட்டும் வேண்டாம், உள்ளேயும் வர வேண்டாம். அம்மாக்கள் உட்கார்ந்த அதே கேட்டில் பிள்ளைகள் நின்று வரவேற்கிற காட்சி வேண்டும். அந்தக் காட்சிக்குத்தான் தொகை. அதைக் கொடுக்கிற கடமை உங்களுக்கு இல்லை.

மறுத்தால் கலை அழிந்துவிடும் என்கிறார்களே, அதற்குப் பதில் நம் மலையிலேயே இருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாகப் படகர் வீட்டுச் சாவுக்கும் தோடர் வீட்டுச் சாவுக்கும் குழலும் மேளமும் கொம்பும் வாசித்தவர்கள். படகர்களிடமிருந்து தானியம் வந்தது, சாவுச் சடங்கில் வெட்டப்பட்ட எருமையின் இறைச்சி வந்தது. அந்த இறைச்சியைக் காட்டியே அவர்களைத் தாழ்வாகவும் நடத்தினார்கள். 1930களில் படகர்களில் சீர்திருத்தம் பேசிய ஒரு பகுதியினர் கோத்தர் இசையே வேண்டாம் என்றார்கள், வேண்டும் என்றவர்களோடு தகராறு வந்தது. கோத்தர்களுக்குள்ளும் படித்து வந்தவர்கள், இந்த ஊழியம்தான் நம்மை இழிவாகப் பார்க்க வைக்கிறது என்று பேசத் தொடங்கினார்கள். 1937 வாக்கில் இங்கே வந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் இந்த மாற்றங்களைப் பதிவு செய்திருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊழியம் நின்றுபோனது.

இசை நின்றதா? இல்லை. 1990களில் இசை ஆய்வாளர் ரிச்சர்ட் உல்ஃப் கோத்தர் ஊர்களில் தங்கி ஆராய்ந்தபோது அவர்கள் தங்கள் தெய்வத்துக்கும் தங்கள் சாவுக்கும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இன்றும் குளிர்காலத்தில் அவர்களுடைய அய்யனோர் அம்மனோர் திருவிழா நடக்கும்போது அந்தக் குழலைக் கேட்கலாம். வாசிக்கச் சொந்தமாக ஒரு முற்றம் இருந்தது, அதனால் இசை பிழைத்தது.

கீழ்நாட்டில் பறைக்கும் இதுதான் நடந்தது. சாவுக்கு அடிப்பது எங்கள் சாதிக் கடமை இல்லை என்று எத்தனையோ சேரிகள் மறுத்தன, அதற்காக அடி வாங்கின, ஊர்விலக்கம் பட்டன. கல்லூரிப் பிள்ளைகள் தேடிப்போய்க் கற்கிற கலையாகப் பறை இன்று இருக்கிறதென்றால் அந்த மறுப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. உங்கள் கையில் இருக்கிற பறை அப்படி வந்தது. 'யார் கூப்பிட்டால் என்ன' என்று அதை வைத்துக்கொண்டு சொல்ல என்னால் முடியாது.

கிருஷ்ணா விஷயத்துக்கு வருகிறேன். சென்னை டிசம்பர் சீசனில் இனிப் பாடுவதில்லை என்று அவர் 2015-ல் அறிவித்தார். அப்புறம் பாடாமல் உட்கார்ந்துவிடவில்லை. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களோடு சேர்ந்து விழா நடத்தினார், எல்லம்மா தெய்வத்தின் பக்தர்களான திருநங்கைப் பாடகர்கள் ஜோகப்பாக்களோடு மேடை ஏறினார். 2024-ல் அகாடமி அவரை சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்ந்தெடுத்தபோது, கர்நாடக இசை உலகின் சாதி பற்றித் தான் சொன்ன எதையும் திரும்பப் பெறாமலேயே போனார். இதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. அந்த ஆண்டு அவர் தலைமை வகிப்பதால் அகாடமி மாநாட்டில் கலந்துகொள்ள மாட்டோம் என்று கர்நாடக இசைப் பாடகிகளான ரஞ்சனி, காயத்ரி சகோதரிகள் விலகினார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் எனக்கு உடன்பாடானவை இல்லை. ஆனால் விலகும் உரிமை கிருஷ்ணாவுக்கு இருந்தால் அவர்களுக்கும் இருக்கிறது. நமக்குப் பிடித்தவர் மறுத்தால் மட்டும் அறம் என்று சொல்வது நியாயமில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பாடகி மரியன் ஆண்டர்சன். கறுப்பினப் பெண் என்பதால் வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹாலை அதன் உரிமையாளர்களான பெண்கள் அமைப்பு அவருக்குத் தர மறுத்தது. 1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார். சுமார் 75,000 பேர் கேட்டார்கள். 1943-ல் அதே அமைப்பே அழைத்து, அதே ஹாலில், வெள்ளையரும் கறுப்பரும் கலந்து உட்கார்ந்த கூட்டத்துக்கு முன் பாடினார். உள்ளே போனது தவறா? என் கணக்கில் இல்லை. யார் எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்பது அதற்குள் மாறியிருந்தது.

சரி, உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. நீங்கள் மறுத்தால் அதன் விலையைக் கொடுக்கப்போவது யார்? நாளைக் காலை எடை போடும் இடத்தில் கூடையோடு நிற்கப்போவது உங்கள் அம்மா. மேஸ்திரி அவர்களைத் தூரத்துத் தேயிலைக் காட்டுக்கு அனுப்பலாம், எடையில் கை வைக்கலாம். அதனால் குழு முடிவெடுக்கும் முன் வீட்டில் பேசுங்கள். மறுக்க வேண்டாம் என்று அவர்கள் பயந்தால் அந்தப் பயத்தை மதியுங்கள். மறுக்க முடியாத நிலையில் இருப்பவர் வாசிப்பதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். மே மாத விழாக்களில் அதிகாரிகளுக்கு முன் ஆடக் கூட்டிவரப்படும் பழங்குடி மக்களைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். குழுவில் பணத்துக்காகப் போகலாம் என்கிறவரைத் துரோகி என்று சொல்லிவிடாதீர்கள், அவர் வீட்டுக் கூரையும்தான் ஒழுகுகிறது.

அம்மாக்கள் சரி என்றால் நிர்வாகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். தோலைக் காய்ச்ச நெருப்பு வேண்டும், உள்ளே வந்து முழு நிகழ்ச்சியாக அடிப்போம், எங்கள் பாட்டை நாங்களே முடிவு செய்வோம், லைனில் இருப்பவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். ஒத்துக்கொண்டால் போங்கள், கூரையைப் பற்றியே பாடுங்கள். அப்போது நானும் கூட்டத்தில் இருப்பேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே மாலை லைன் மைதானத்தில் அடியுங்கள்.

தோல் வாங்கவும் பறையின் மரச்சட்டத்தைச் சரிசெய்யவும் எவ்வளவு ஆகும் என்று எழுதுங்கள். கோத்தகிரி நண்பர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா