கிரேஹவுண்ட், கன்னி நாய்கள்: எது வேகம், எதற்குத் தம் அதிகம்?

"கிரேஹவுண்ட் வாங்கலாமா, கன்னி வாங்கலாமா? எது வேகம், எது களைக்காமல் ஓடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று வெளிநாட்டுப் பந்தய நாய், மற்றது நம் தென் தமிழ்நாட்டு வேட்டை நாய். கேட்ட தோரணையைப் பார்த்தால் கிரேஹவுண்டுக்கு முன்பணமே கொடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

வேகம் என்றால் கிரேஹவுண்ட்தான், மறுக்கவில்லை. மணிக்கு 65, 70 கிலோமீட்டர் தொடும். ஆனால் பந்தயத்தில் அதை ஓடவிடுவதே பெரும்பாலும் 500 மீட்டர் அளவுக்குத்தான். அரை நிமிட ஆட்டம்.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். என்னிடம் ஒரு கருப்புக் கன்னி இருந்தாள். மாமா எங்கிருந்தோ ஒரு கிரேஹவுண்டைக் கொண்டுவந்து, "மாப்ளே, ஒன் நாயைக் கூட்டிட்டு வா" என்றார். சோளம் அறுத்த கரிசல் காடு, சித்திரை மாதம், காலை ஒன்பது மணி. நான் பைக்கில் முன்னால் போக, இரண்டும் துரத்தின. (முயல் வேட்டை என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று எனக்கும் தெரியும்.)

முதல் முந்நூறு மீட்டரில் கன்னி பக்கத்திலேயே இல்லை. மாமா விசில் அடித்தார். கண்மாய்க் கரை இரண்டு கிலோமீட்டர். பாதி தூரத்தில் கிரேஹவுண்ட் வேலமரத்தடியில் படுத்துவிட்டது. விலா துருத்தி மாதிரி ஏறி இறங்குகிறது. கன்னி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே ஓட்டத்தில் கரைக்கு வந்து சேர்ந்தாள்.

"வெயில்தான் மாப்ளே" என்றார் மாமா. என் நாய்க்கு மட்டும் குடையா பிடித்தார்கள்? ஆனாலும் அவர் சொன்னதில் பாதி உண்மை. நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். முழு வேகத்தில் ஓடிய கிரேஹவுண்டின் உடம்புச் சூடு 41 டிகிரி வரை ஏறும். அன்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம்.

ஒரே ஒரு ஓட்டத்தை வைத்துத் தீர்ப்பு சொல்கிறான் என்று கிரேஹவுண்ட்காரர்கள் பாய வேண்டாம். ராம்பூர் நவாப்புகளே கிரேஹவுண்டின் வேகம் மட்டும் போதாது என்றுதான் ஆப்கன் தாசி நாயோடு சேர்த்து ராம்பூர் ஹவுண்டை உருவாக்கினார்கள். பீகிள் மாதிரி மோப்ப நாய்கள் இன்னொரு ரகம்: வேகம் குறைவு, மணிக்கணக்கில் தடம் பிடித்துப் போகும்.

அந்த நாயை வாங்க மாமா என்னிடம் எட்டாயிரம் கைமாற்று வாங்கியிருந்தார். இன்றும் கல்யாண வீடுகளில் அந்த முதல் முந்நூறு மீட்டரைப் பற்றித்தான் பேசுகிறார். எட்டாயிரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.