செடிகள் நீர்த்தேக்கத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்கின்றன?

சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் குளத்து நீரைச் செடிப்பாத்திகள் வழியே விடுகிறார்களே, செடி அழுக்கைக் குடித்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவுக்குத்தான். முக்கால்வாசி வேலை வேரிலும் சரளைக்கல்லிலும் வழவழப்பாகப் படியும் நுண்ணுயிர்ப் படலத்துடையது.

முதலில் நீரின் வேகம் குறையும். வண்டல் அடியில் தங்கும். பிறகு ஒருவகை பாக்டீரியா அழுக்கிலுள்ள அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக்கும். இதற்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும்: 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 4.6 கிராம். ஒரு லிட்டர் நீரில் ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வேலை மந்தமாகிவிடும். அடுத்த கட்டம் நேர்மாறு. ஆக்சிஜன் இல்லாத அடிமண்ணில், மட்கிய இலையை உணவாகக் கொள்ளும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஆகவே பாத்தியில் காற்றுள்ள இடமும் வேண்டும், இல்லாத இடமும் வேண்டும்.

பாஸ்பரஸ்தான் தலைவலி. அது வாயுவாகப் போகாது. செடியிலோ மண்ணிலோ தங்கும். சம்பு போன்ற நீர்ச்செடிகளை அவ்வப்போது அறுத்து வெளியே கொண்டுபோகாவிட்டால், அழுகி மறுபடி தண்ணீருக்கே வரும். அடிவண்டலில் ஆக்சிஜன் தீர்ந்தாலும் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் கழன்றுவிடும், அதை உரமாகக் கொண்டு பாசி பச்சையாகப் பொங்கும்.

இப்படித் தெளிந்த நீரை நேரே குடிக்கலாமா? கூடாது, கிருமிகள் குறையுமே தவிர ஒழியாது.