மலையில் வாழ்வோருக்கு இரத்தசோகை எல்லை வேறு

கேள்வி: உதகையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். வயது 32. கர்ப்பமாக இல்லை, புகைப்பழக்கமும் கிடையாது. ஹீமோகுளோபின் 12.6 என்று வந்த பரிசோதனை அறிக்கையில் ‘இயல்பு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மருத்துவரோ லேசான இரத்தசோகை என்கிறார். எதை நம்புவது?

பதில்: மருத்துவர் சொல்வதையே நம்புங்கள். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராம் என்ற எல்லை, கடல்மட்டத்தை ஒட்டி வாழ்வோருக்கானது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது; அதை உணரும் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அதிகமாக உற்பத்தி செய்கிறது. எனவே சமவெளியில் போதுமானதாகக் கருதப்படும் அளவு உங்கள் ஊரில் போதாது.

உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 2,000 முதல் 2,499 மீட்டர் வரை வாழ்வோரின் அளவிலிருந்து 1.4 கிராமைக் கழித்துப் பார்க்க வேண்டும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உங்கள் 12.6 உண்மையில் 11.2-க்குச் சமம், அது லேசான இரத்தசோகையே. இந்தத் திருத்தம் 500 மீட்டரிலிருந்தே தொடங்குகிறது என்பதைப் பல பரிசோதனைக்கூடங்கள் இன்னும் கணக்கில் கொள்வதில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் இந்தக் கழித்தல் எல்லா மலைமக்களுக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. திபெத்தியர்களிடம் உள்ள இபாஸ்1 என்ற மரபணுவின் தனி வடிவம் ஹீமோகுளோபின் மிகையாக உயராமல் தடுப்பதால், 4,000 மீட்டரிலும் அவர்களில் பலருக்குக் கடல்மட்ட அளவே காணப்படுகிறது. ஆண்டிஸ் மலைமக்களுக்கோ அது வெகுவாக உயர்கிறது. அதே ஆண்டிஸில்கூட, 2024-க்கு முந்தைய பழைய திருத்தம் ஆரோக்கியமான குழந்தைகளையும் இரத்தசோகைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது என்று பெரு நாட்டு ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தார்கள். 4,000 மீட்டரில் 3.5 கிராமாக இருந்த கழிக்கும் அளவு இப்போது 2.9 ஆகக் குறைந்திருக்கிறது. உங்கள் ஊரின் உயரத்தில் மாறாக 0.8-லிருந்து 1.4 ஆகக் கூடியிருக்கிறது.

ஆகவே ஹீமோகுளோபினை மட்டும் வைத்து முடிவுசெய்யாமல், இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைபாடு உறுதி. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் உடல் நன்றாக இருக்கும் நாளில் இரத்தம் கொடுப்பது நல்லது. அளவு சரியாக இருந்தால் பி12, ஃபோலேட் குறைபாடுகளையும் தலசீமியா என்ற மரபுவழி இரத்தக் குறைபாட்டின் கூறையும் மருத்துவர் தேட வேண்டியிருக்கும். அதற்குமுன் நீங்களாகவே இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

பரிசோதனைக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்கிச் சென்றாலும் நீங்கள் வாழும் இடத்தின் உயரத்தையே கணக்கில் எடுக்க வேண்டும்; சிவப்பணுக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், சமவெளியிலிருந்து சில நாள்களுக்கு மட்டும் உதகை வருவோருக்கு இந்தக் கழித்தல் பொருந்தாது.