ஊசி போட்ட பிறகுதானே வருத்தம் வந்தது, பிறகு கிருமியை எப்படி நம்புவது?

கேள்வி: வாகரைப் பக்கம் எங்கள் பட்டி. மாரி தொடங்கினால் மாட்டுக்குக் காலிலும் வாயிலும் கொப்புளம் போடும் கால்வாய் நோய் வந்துவிடும். இந்த முறை ஊசி போட்டு நாலாம் நாள் ரெண்டு மாடு நொண்டி வாணீர் வடித்தன. குளிரும் சேறும்தான் காரணம், கிருமி என்பது ஊசி விற்கச் சொல்லும் கதை என்கிறார்கள். கண்ணால் காணாததை எப்படி நம்புவது?

பதில்: அண்ணன், நீங்கள் கண்டது பொய்யில்லை. மாரியில்தான் இது கூடுதல். வட்டையில், அதாவது வயல்வெளியில், விதைத்ததும் மாடெல்லாம் மேட்டு நிலத்துக்குப் போய், நாலைந்து பட்டி ஒரே இடத்தில் நெருக்கி நிற்க, ஒன்றின் வாணீர் மற்றது மேயும் புல்லில் விழும், ஈரக் குளிரில் இந்த நோயின் கிருமியான வைரஸ் வெளியிலும் கூடுதல் நாள் உயிரோடு கிடக்கும். சேறுதான் காரணமென்றால் எல்லா மாரியிலும் எல்லாப் பட்டிக்கும் வரவேண்டுமே?

வைரஸ் உள்ளே போய் 2 முதல் 14 நாளில்தான் கொப்புளம் காட்டும். அந்த ரெண்டும் அநேகமாக ஊசிக்கு முன்னமே வாங்கியிருக்கும். ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அது நோய் தராது, ஆனால் பாதுகாப்பு வர ஒன்று ரெண்டு கிழமை வேணும். அதேநேரம் வருத்தப் பட்டியில் நின்ற சப்பாத்தோடு ஒருவர் உங்கள் பட்டிக்குள் வந்தாலும் நோய் வரும், ஊசி போட வருபவரானாலும் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

காணாததைப் பற்றிக் கேட்டீர்கள். 1898 இல் ஜேர்மனியில் லொஃப்லர், ஃப்ரொஷ் என்ற ரெண்டு விஞ்ஞானிகளும் இந்த வைரஸைக் காணவே இல்லை. கொப்புள நீரை பக்டீரியா நுழையாத வடியில் வடித்துக் கன்றுக்கு ஏற்றினார்கள், அதே நோய் வந்தது. அந்தக் கன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு. நஞ்சென்றால் போகப் போக நீர்த்துப்போகும், இதுவோ குறையவே இல்லை, அப்படியென்றால் உடம்புக்குள் பெருகுகிறது. வைரஸைக் காட்டும் இலத்திரன் நுணுக்குக்காட்டியே 1930களில்தான் வந்தது.

சரி, இப்போது அந்த ரெண்டையும் பிரித்துக் கட்டி மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள், விற்க வேண்டாம். 10 லீற்றர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடா கரைத்துக் காலும் வாளியும் கழுவுங்கள். பால்குடிக் கன்றை மட்டும் வருத்தத் தாயிடம் ஊட்ட விடாதீர்கள், கொப்புளம் தெரியாமலே இதயம் தாக்கிக் கன்று திடீரென்று விழுந்துவிடும்.