கேளுங்கள், சொல்கிறேன்: கேமிங் லேப்டாப்பில் எதை மாற்றலாம்?

கேள்வி: ஐயா, தீபாவளிக்கு கேமிங் லேப்டாப் வாங்கினேன். ரேம் 8 ஜி.பி., கிராபிக்ஸ் 4 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050. பெரிய விளையாட்டுகளில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்றித் தருவதாகப் பெங்களூரில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. மேஜைக் கணினியில் அது தனி அட்டை. கழற்றி வேறொன்றை மாட்டலாம். உங்கள் லேப்டாப்பில் அது மதர்போர்டிலேயே பற்றவைத்த சிப். பிராசஸரும் அப்படியே. அவருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை, ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமுக்குச் செலவிடுங்கள். உங்கள் தொல்லைக்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். 8 ஜி.பி.யில் விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொண்ட பின் மிச்சம் போதாமல், விளையாட்டு, கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி.யிடம் கடன் வாங்குகிறது. அது ரேமைவிட வெகு மெதுவானது என்பதால் படம் திக்குகிறது.

வாங்கும் முன் விளையாட்டை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். ரேம் முழுக்க நிரம்பியிருந்தால் என் கணிப்பு சரி. ரேம் செருகும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்படுகிறதா என்பதும் அங்கேயே தெரியும். அப்படியானால் இன்னொரு 8 ஜி.பி. போடுங்கள். இரண்டு ரேமும் சேர்ந்து வேலை செய்வதால் வேகமும் கூடும். ரேமில் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர்.4 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.5 நுழையாது, ரேமின் விளிம்பிலுள்ள வெட்டுப் பள்ளமே இடம் மாறியிருக்கும். பழைய ரேமின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மூடியைத் திறந்தால் வாரண்டி என்னாகும் என்பதைச் சர்வீஸ் சென்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திறந்ததும் முதல் வேலை, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. ரேமைச் சாய்வாக வைத்து, தங்க நிறக் கோடுகள் ஏறக்குறைய மறையும்வரை செருகி, பிறகு மெல்லக் கீழே அழுத்துங்கள். இருபுறக் கொக்கிகளும் 'டக்'கென்று பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் முழுதாக உள்ளே போகவில்லை. டி.டி.ஆர்.5 என்றால் முதல்முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமை அது பழகிக்கொள்ளும் நேரம் அது, பதறி அணைத்துவிடாதீர்கள்.

கிராபிக்ஸ் சிப்பின் சொந்த நினைவகமான 4 ஜி.பி.யைக் கூட்ட வழியில்லை. விளையாட்டின் அமைப்பில் டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை ஒருபடி இறக்கினாலே நல்ல வித்தியாசம் தெரியும். விளையாட்டுகளைச் சேமிக்க இடம் போதவில்லையென்றால், எஸ்.எஸ்.டி. செருகும் எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கும்பட்சத்தில் இன்னொரு எஸ்.எஸ்.டி. போடலாம்.

கேள்வி: எங்கள் வீட்டருகே கிரானைட் பட்டறை. மகனின் லேப்டாப் கொதிக்கிறது, விளையாட்டு பாதியில் மெதுவாகிவிடுகிறது. புதிய ஃபேன் வாங்கலாமா?
- வாசகி, பர்கூர்

பதில்: அவசரப்பட வேண்டாம் அம்மா. கல்தூள் ஃபேனுக்கு எதிரேயுள்ள உலோகத் தகடுகளில் படிந்து, சூடு வெளியேறும் வழியை அடைத்திருக்கும். சூடு எல்லை தாண்டினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பை அணைத்து, பின்மூடியைத் திறந்து, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூளை ஊதி எடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் கொதித்தால் பிராசஸர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) மாற்றலாம். ஃபேனில் இரைச்சலோ தடுமாற்றமோ இருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். மெத்தைமேல் வைத்து விளையாட மட்டும் விடாதீர்கள். காற்று நுழையும் வழி அடியில்தான் இருக்கிறது.